பனி வாரும் இயந்திரமும் நான்கு எலுமிச்சைகளும்

நான் வேலை செய்கிற இடத்தில் டிராக்டர்களுக்கு ஏசி உண்டு. காலை ஐந்தரைக்கு ஷெட் கதவைத் திறந்தால் குளிர் முகத்தில் வந்து மோதும். உள்ளே ஏழு வண்டிகள் துணி போர்த்திக்கொண்டு வரிசையாக நிற்கும். நம் ஊர் டிராக்டரில் கால்வாசிதான் இருக்கும் ஒவ்வொன்றும். அமெரிக்காவில் அறுபது, எழுபதுகளில் வீட்டுத் தோட்டத்துக்கென்று செய்த குட்டி டிராக்டர்கள். ஒற்றை சிலிண்டர், கனத்த வார்ப்பிரும்பு, பெரியவர் ஒருவர் ஏறி உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். எங்கள் ஊரில் டிராக்டர் மழையில் நனையும், வெயிலில் காயும், சீட்டுக்கு அடியில் கோழி முட்டையிடும். இங்கே அதற்குப் போர்வை போட்டு, இருபத்திரண்டு டிகிரியில் வைத்து, தினமும் துடைக்கிறேன். முதல் மாதம் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பழகிவிட்டது.

எனக்குத் துறையூர்ப் பக்கம். முதலில் கத்தாரில், ராஸ் லஃபானில் இரண்டு வருடம் ஹெல்பராக இருந்தேன். இப்போது ஐந்து வருடமாக அமீரகத்தில், அல் ஐனுக்கு வெளியே ஒரு தோட்டத்தில். விசாவில் பண்ணைத் தொழிலாளி என்று இருக்கும். செய்வது மெக்கானிக் வேலை. அர்பாப், அதாவது என் முதலாளி, இந்தப் பழைய வண்டிகளை எங்கெங்கோ ஏலத்தில் எடுத்துக் கப்பலில் வரவழைப்பார். நான் பிரித்து, இறுகிப்போன பிஸ்டனை இளக்கி, துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, புல்வெட்டி, மண் தள்ளும் பிளேடு என்று அதனதன் கருவிகளை மாட்டி ஓடவைப்பேன். சாயங்காலம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து கரக் சாயா குடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். நாற்பது வயதுக்காரர், சத்தமாகப் பேசவே தெரியாது. என்னை 'முஹந்திஸ்' என்று கூப்பிடுவார். இன்ஜினியர் என்று அர்த்தம். நான் பத்தாம் வகுப்பில் தவறியவன். அந்த ஒரு வார்த்தைக்காகவே கூட ஒரு மணி நேரம் வேலை செய்திருக்கிறேன், பொய் சொல்வானேன்.

போன குளிர்காலத்தில் ஒரு பெட்டி வந்தது. திறந்தால் வாயகன்ற இரும்புப் பெட்டி, உள்ளே திருகு வடிவத்தில் தகடுகள், மேலே ஒரு குழாய். என்ன கருவி என்றே எனக்குப் பிடிபடவில்லை. அர்பாப் போனில் வீடியோ காட்டினார். வெள்ளை வெளேரென்று பனி கொட்டிக் கிடக்கிறது, இதே மாதிரி குட்டி டிராக்டர் ஒன்று முன்னால் இந்தப் பெட்டியை மாட்டிக்கொண்டு பனியை வாரி ஓரமாக வீசிக்கொண்டே போகிறது. பாலைவனத்துக்குப் பனி வாரும் இயந்திரம். காற்றடித்தால் தோட்டத்துப் பாதையில் மணல் ஏறிவிடும், இதைக்கொண்டு வாரி வீசலாம் என்பது அவர் யோசனை. வருகிற வெள்ளிக்கிழமை சொந்தக்காரர்கள் எல்லாரும் தோட்டத்துக்கு வருகிறார்கள், அதற்குள் ஓட வேண்டும் என்றார். தன் ஆறு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டப்போவதாகவும் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

இந்தப் பயத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். நான் பயந்த சுபாவம். கல்யாணப் பந்தியில் இரண்டாவது அப்பளம் கேட்கவே யோசிப்பவன். ஆனால் மெஷின் விஷயத்தில் என் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஊரில் என் மனைவியின் அண்ணன் தங்கராசு டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறான். வேலை கற்றதெல்லாம் அங்கேதான். எந்த வண்டியானாலும் வேலை முடிந்து முதல் முறை நகரும்போது நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் பட்டறையை விட்டுப் போகாது. ஒரு நாள் பழம் வாங்க மறந்துவிட்டோம். வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். மண்ணைக் கிளறும் ரொட்டோவேட்டரை மாட்டி, எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் ஷாஃப்ட்டைப் பூட்டி, ஓட்டிப் பார்த்தோம். சுற்றுகிற ஷாஃப்ட் தங்கராசின் தோள் துண்டை இழுத்தது, துண்டோடு கையை இழுத்தது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. ஊரே சொன்னது, பழம் வைக்காததுதான் காரணம் என்று. ஷாஃப்ட்டுக்கு மேல் போடுகிற பிளாஸ்டிக் மூடி, கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று கழற்றப்பட்டு, சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஆனாலும் பழத்தைத்தான் நானும் சொன்னேன்.

பனி வாரும் பெட்டி எங்கள் வண்டிக்கென்று செய்ததல்ல. வேறு மாடலுடையது. சானல் இரும்பை அறுத்து நானே தாங்கி செய்தேன். பட்டறைகள் நிறைந்த சனாயியா பகுதியில் பெல்ட், பேரிங் கடை வைத்திருக்கும் செய்யது பாய் அளவு சொன்னவுடன் பெல்ட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அவர் கீழக்கரைக்காரர், இருபத்தைந்து வருடமாக இங்கே இருப்பவர், எனக்கு இந்த ஊரில் தமிழில் திட்டுகிற ஒரே ஆள். மாட்டி முடித்து, செவ்வாய்க்கிழமை ஸ்டார்ட் பண்ணலாமா என்று அர்பாபிடம் கேட்டேன். குனிந்து பார்த்தார். பெல்ட்டுக்கு மேல் மூடி இல்லை. பழைய மூடி பொருந்தவில்லை, அதனால் விட்டுவிட்டேன். கூடாது என்று தலையசைத்தார்.

"கவர் மாஃபி, ஸ்டார்ட் மாஃபி."

மூடி இல்லாவிட்டால் ஸ்டார்ட் இல்லை. கையேட்டைத் திறந்து படத்தையும் காட்டினார். எனக்கு எரிச்சல். மெக்கானிக் நானா அவரா என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே, தகடு வெட்டி மடக்கி, ஒரு நாள் முழுக்கப் போட்டு மூடி செய்தேன். ஆனால் மூடி போட்டும் என் பயம் போகவில்லை. கண்ணில் அந்தச் சின்னப் பெண்ணும் தங்கராசின் துண்டும் மாறி மாறி வந்தன. தங்கராசு போனில் கேட்டான், "மாப்ள, புது அயிட்டம் மாட்டுறியே, பழம் வச்சுதான ஓட்டுவ?" வைக்கிறேன் என்றேன்.

வியாழக்கிழமை விடிகிற நேரம். தோட்டத்தில் யாரும் எழவில்லை. நான்கு எலுமிச்சம்பழம், ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டுக் குங்குமம். சக்கரத்துக்கு ஒன்றாக வைத்துவிட்டு மெதுவாக கிளட்சை விட்டேன். வண்டி நகர்ந்தது. சக், சக் என்று கேட்டது. இறங்கி வந்து சக்கரத்தைத் துடைத்து, தோலைப் பொறுக்கிக் காகிதத்தில் சுற்றினேன். எண்ணினால் மூன்று. நான்காவது நசுங்காமல் எங்கோ உருண்டுவிட்டது. சரிவில், ஷெட்டுக்குப் பின்னால், பேரீச்சை மரங்களின் கீழ், எல்லா இடமும் பார்த்தேன். கிடைக்கவில்லை. சரி, ஒரு பழம்தானே என்று செய்யது பாய்க்கு விளையாட்டாகப் போன் போட்டுச் சொன்னேன். மறுமுனையில் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"குங்குமமும் வச்சியா?"

"வச்சேன் பாய்."

"அட என் ராசா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க. நம்மூர்ல அது பூஜ. இங்க அதுக்குப் பேரு சிஹ்ரு. சூனியம் தம்பி. கம்ப்ளைன்ட் ஆச்சுன்னா உள்ள வச்சுட்டு, அப்புறம் கைரேக எடுத்து ஊருக்கு அனுப்பிருவாங்க. பொறவு இந்தப் பக்கம் தலவச்சுப் படுக்க முடியாது."

"இப்ப நான் என்ன பாய் செய்யட்டும்?"

"பழத்தத் தேடு. கெடைக்கலன்னா, யாராச்சும் கேட்டா, துரு எடுக்கன்னு சொல்லு. எலுமிச்ச தேச்சாத் துரு போவும்ல? செவப்பு, ரெட் ஆக்சைடு பெயிண்டு. வேற ஒரு வார்த்த பேசாத. அழுது கிழுது தொலச்சிராத."

அன்று முழுக்கத் தேடினேன். சாயங்காலம் அர்பாப் வரவில்லை. சமையல்காரர் சொன்னார், குழந்தைக்குக் காலையிலிருந்து கடும் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக் கூட்டமும் இல்லை. பழத்துக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை என்பது தெரியாதவனல்ல நான். ஆனால் பழம் வைக்காததற்கும் விரல் போனதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று இத்தனை வருடம் நம்பியவன் எந்த வாயால் இதை மறுப்பேன்? வெளிக் கேட் திறக்கும் சத்தம் கேட்டால் போலீஸ் வண்டிதான் என்று நினைத்தேன். சோறு இறங்கவில்லை. 'துரு, பெயிண்ட்', 'துரு, பெயிண்ட்' என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வீட்டுக்குப் பேசியபோது மனைவி, குரல் ஏன் இப்படி இருக்கிறது என்றாள். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

சனிக்கிழமை மதியம் அர்பாப் வந்தார். சாயா இல்லை. ஸ்டூலில் உட்காரவில்லை. டிஷ்யூ காகிதத்தில் எதையோ தொடாமல் பிடித்திருந்தார். வெயிலில் வாடிய எலுமிச்சை. குங்குமப் பொட்டு மட்டும் வாடவே இல்லை.

"ஷூ ஹாதா?" என்ன இது என்றார்.

"லைமூன், அர்பாப்."

"லேஷ் அஹ்மர்?" ஏன் சிவப்பு என்கிறார்.

பாய் சொல்லிக்கொடுத்ததை எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியிலும் இந்தியிலும் கொட்டினேன். துருவுக்கு அரபியில் என்ன என்று தெரியவில்லை. ஓடிப்போய் ஒரு துருப்பிடித்த போல்ட்டை எடுத்து வந்து, சமையலறையிலிருந்து ஒரு பழமும் வாங்கி, வெட்டி, அவர் கண்முன்னால் தேய்த்தேன். எலுமிச்சை துருவை எடுக்கும், உண்மைதான். ஆனால் ஒரு நாளாவது ஊற வேண்டும். நான் தேய்க்கிறேன், தேய்க்கிறேன், போல்ட் அப்படியே இருக்கிறது. கடைசியில் மரையின் நுனியில் கடுகளவு மினுமினுத்தது. அதைத் தூக்கிக் காட்டினேன். அவர் போல்ட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கலாஸ்" என்றார். போதும். திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் அவரோடு ஒரு பெரியவர் வந்தார். ஷெட் வாசலில் நின்று ஓதினார். ஒரு பாட்டில் தண்ணீரில் ஊதி, ஏழு டிராக்டர்கள் மீதும் தெளித்தார். பனி வாரும் பெட்டிமீது இரண்டு தடவை. நான் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அர்பாபின் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அவர் பெரியவரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்தபோது, என்னைப் பிடித்து ஆட்டிய அதே பயம்தான் அவரையும் ஆட்டியிருக்கிறது என்று புரிந்தது. அருகில் போய், உங்கள் மகளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்றுதான் அர்பாப் வைத்தேன் என்று சொல்லத் துடித்தது மனசு. சொன்னால் அன்றைக்கே பெட்டி கட்ட வேண்டும். இன்றுவரை அதைச் சொல்லவில்லை.

பெரியவர் போன பிறகு என்னைத்தான் முதலில் ஓட்டச் சொன்னார். தண்ணீர் தெளித்த சீட்டில் உட்கார்ந்து நெம்புகோலை இழுத்தேன். மணல் குழாய் வழியாகச் சீறிப் போய் இருபதடி தள்ளி விழுந்தது. வேலைக்காரர்கள் கை தட்டினார்கள். நான் செய்த மூடிக்குள் பெல்ட் சத்தமில்லாமல் சுற்றியது. அவர் ஓட்டவில்லை, குழந்தையையும் கொண்டுவரவில்லை. அந்த வாரமே ஷெட்டின் கூரையில் ஒரு கேமரா வந்தது. நான் கருவிகளைப் பரப்பி வேலை செய்கிற மேஜையும் வண்டிகளின் சக்கரங்களும் அதில் நன்றாகத் தெரியும். வேலையை விட்டு அனுப்பவில்லை, சம்பளம் குறைக்கவில்லை, கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் 'முஹந்திஸ்' போய்விட்டது. இப்போது 'ரஃபீக்' என்கிறார். தெருவில் போகிற எந்தக் கூலியாளையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அது எனக்கு வலிக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு வண்டிகள் முடித்துவிட்டேன். பழம் இல்லை. முதல் முறை கிளட்சை விடும்போது கண் தானாகச் சக்கரத்தடியைத் தேடும். கேமராவுக்குத் தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு விடுவேன்.

இந்த ஆனியில் லீவில் போனேன். பட்டறையில் புது ரொட்டோவேட்டர் ஒன்று மாட்டக் காத்திருந்தது. தங்கராசு மீதமுள்ள விரல்களால் நான்கு பழத்தை எடுத்து என் கையில் வைத்தான்.

"நீயே வையி மாப்ள. ஃபாரின் மெக்கானிக் கையால."

வாங்கிய கை மடங்கிக்கொண்டது. என்னை அறியாமல் தலை நிமிர்ந்து, கண் கூரையைத் துழாவியது. தகரமும் ஒரு பழைய குருவிக்கூடும்தான் இருந்தன.

"என்னத்தடா தேடுற?"

"ஒண்ணுமில்ல மச்சான். மொதல்ல ஷாஃப்ட்டுக்கு மூடியப் போடு."

"மூடியா? எந்த காலத்துல போட்டோம்? அதான் பழம் வைக்கிறோம்ல."

என் கையிலிருந்து பழங்களைப் பிடுங்கி அவனே வைத்தான். வண்டி ஏறி நசுக்கியது, நான்கும் சரியாக நசுங்கின, பையன்கள் சிரித்தார்கள். பிறகு ஷாஃப்ட்டை ஓட விட்டான். வெறும் இரும்பு வெயிலில் பளபளத்துச் சுற்றியது. பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்கக் குனிந்தான். நான் பின்னாலிருந்து அவன் கைலியின் நுனியைச் சுருட்டி, எஞ்சின் நிற்கும்வரை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.