சதாகத் உசேனின் நாற்பது கறுப்புச் சட்டிகள்

லேடிபூல் ரோட்டில் சதாகத் உசேனுக்கு இருந்த மரியாதை பர்மிங்ஹாமில் வேறு யாருக்கும் கிடையாது. அதில் பாதி அவர் சமையல் சம்பாதித்தது, மீதிப் பாதி அவர் வாய் சம்பாதித்தது.

சௌத்ரி பஸல்தாத்தின் சாப்பாட்டுக் கடையில் அவர்தான் உஸ்தாத், அதாவது தலைமைச் சமையல்காரர். பால்டி என்கிற கறிக்கென்றே இரண்டு காது வைத்த மெல்லிய எஃகுச் சட்டிகள் நாற்பது அவர் பொறுப்பில் இருந்தன. கறி வேகிற சட்டியே கொதிக்கக் கொதிக்க மேசைக்கும் போகும். நான் ரொட்டியைப் பிய்த்துச் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவர்களின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "பாத்தியா அந்தக் கறுப்ப? இருபத்திரண்டு வருஷக் கறுப்பு. சோப்புன்னா என்னன்னே அதுக்குத் தெரியாது" என்பார்.

வீட்டிலும் அதே பாட்டுதான். மனைவி ஜுலைகா கீமா செய்து வைத்தால், இரண்டு தட்டுச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் சொல்வார்: "ருசி இருக்கு. ஆனா உன் சட்டிக்கு வயசு பத்தல."

ஜுலைகாவின் சட்டிக்கு வயசு ஏற வழியும் இல்லை. பெருநாளுக்குப் பெருநாள் விருந்துக்கு வருகிற நாத்தனார், ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று அவள் சட்டியைக் கம்பி நாரால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டுப் போவாள். மறுநாள் ஜுலைகா அடுப்படியில் நின்று அதை மறுபடி கறுப்பாக்குவாள். இப்படிப் பதினோரு பெருநாள். உஸ்தாத்தோ ஒரு சட்டியைக்கூடத் தன் கையால் கறுப்பாக்கியவர் இல்லை. அவர் வேலைக்கு வந்த அன்றே அந்த நாற்பதும் கறுப்பாகத்தான் இருந்தன. அதை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை சுகாதார அதிகாரி அம்மா வரப்போவதாக முந்தின இரவே தகவல் வந்தது. கறுப்பைக் கண்டால் அழுக்கு என்று மார்க்கைக் குறைத்துவிடுவார் என்று சௌத்ரி பயந்தார். விடிந்ததும் விடியாததுமாக இரண்டு ஆட்களைக் கூட்டிவந்து, சோடாக் காரம் போட்டு, நாற்பது சட்டியையும் தேய்க்க வைத்துவிட்டார்.

மதியம் உஸ்தாத் வந்தார். "சௌத்ரி சாப், என் சட்டிங்க எங்க?"

"கண்ணு முன்னாடிதான இருக்கு! பாருங்க, மூஞ்சி பாத்துத் தலை வாரலாம். அந்தம்மா அஞ்சுக்கு அஞ்சு மார்க் போட்டுட்டுப் போயிருக்காங்க!"

"மார்க்கத் தட்டுல வச்சு நீங்களே சாப்பிடுங்க. ஆறு மணிக்கு டாக்சிக்காரங்க சங்கத்து விருந்து. நாப்பது பேரு!"

"அதனால என்ன உஸ்தாத்? உங்க கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

அந்தக் கைக்கு அந்த வேலைதான் தெரியாது. கறுப்பு இல்லாத சட்டியில் கறி ஒட்டும், இருபத்திரண்டு வருஷப் பேர் ஆறு மணிக்குள் போய்விடும். கறுப்பு ஏறட்டும் என்று உஸ்தாத் ஒரு சட்டியில் அரைக் கிண்ணம் எண்ணெயை ஊற்றிக் காய்ச்சினார். அது பசையாகி நின்றது. அதில் கோழியைப் போட்டார். கோழி சட்டியோடு நிக்காஹ் செய்துகொண்டது, தலாக் என்றாலும் விடுவதாக இல்லை. நாலு சட்டி இப்படிப் பாழானதும் வீட்டுக்கு போன் போட்டார்.

"ஜுலைகா, அக்கா தேய்ச்சிட்டுப் போன மறுநாள் அந்தச் சட்டிய நீ என்ன பண்ணுவ?"

"எதுக்குக் கேக்குறீங்க? என் சட்டிக்குத்தான் வயசு பத்தலயே."

"ஜுலைகா, மானம் போகுது."

"வரேன். ஆனா யாரு செஞ்சதுன்னு எல்லாரு முன்னாடியும் சொல்லணும். அல்லா மேல ஆணையா?"

"அல்லா மேல ஆணை."

வந்தாள். துப்பட்டாவை இறுக்கி முடிந்துகொண்டு ஆறு அடுப்பையும் ஏற்றினாள். பசையைக் கழுவி, சட்டியைத் தீயில் காயவைத்து, எஃகு நீலம் பூக்கும்வரை விட்டாள். துணியில் துளி எண்ணெய் தொட்டுத் தடவினாள், தடவியதை வேறு துணியால் துடைத்தெடுத்தாள். புகைந்து அடங்கியதும் மறுபடி. இப்படி மூன்று தடவை.

"சட்டியக் குளிப்பாட்டாதீங்க. எண்ணெய் போட்டதே தெரியக் கூடாது. சௌத்ரி பாய், நீங்க ஏன் சும்மா நிக்குறீங்க? மார்க் வாங்கின கைதானே, தொடைங்க!"

சௌத்ரி துடைத்தார். கடைசியில் வெங்காயத் தோலும் உப்பும் போட்டு வறுத்துக் கொட்டியபோது, நாற்பதும் அண்டங்காக்காய் நிறத்துக்கு வந்திருந்தன.

"இன்னிக்குத் தக்காளி ஆகாது. பிஞ்சுக் கறுப்பு, புளிப்பு பட்டா உரிஞ்சிடும்."

"தக்காளி இல்லாம பால்டியா?"

"வெங்காயமும் வெந்தயக்கீரையும் போதும். இல்ல, வீட்டுக்குப் போகட்டுமா?"

தக்காளிக் கூடை வெளியே போனது.

ஆறு மணிக்கு விருந்து. சங்கத் தலைவர் மெஹர்பான் சட்டியின் அடிவரை வழித்துத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டார். "உஸ்தாத், இருபத்திரண்டு வருஷக் கறுப்புன்னா சும்மாவா!"

அடுக்களை வாசலில் கரி படிந்த கைகளோடு ஜுலைகா நின்றாள். உஸ்தாத் தொண்டையைச் செருமினார்.

"இருபத்திரண்டு வருஷமில்ல. இன்னிக்கு மத்தியானம் மூணு மணி நேரத்துல வந்த கறுப்பு. செஞ்சது என் வீட்டுக்காரி. எனக்குச் சட்டி கறுப்பாக்கவே தெரியாது."

நாற்பது பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

"பாத்தியாப்பா, எவ்வளவு பெரிய உஸ்தாத், என்ன அடக்கம்!"

"சத்தியமாச் சொல்றேன்..."

"போதும் உஸ்தாத், அழுதுடுவோம்!"

அவர் ஜுலைகாவைப் பார்த்தார்.

"நம்பலயே அவங்க. நான் என்ன செய்யட்டும்?"

"அடுத்த சனிக்கிழமையும் சொல்லுங்க. நம்புற வரைக்கும் சொல்லுங்க."

போகும்போது நாற்பதில் நன்றாகக் கறுத்த ஒன்றை எடுத்துத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டாள். சௌத்ரியே கதவைத் திறந்துவிட்டார். உஸ்தாத் இன்றும் சனிக்கிழமைதோறும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த அடக்கத்தைக் கேட்கவே இப்போது கடையில் இடம் கிடைப்பதில்லை.