குடிலுக்குள் குளிர்

கல்யாணமாகி வந்த புதிதில், தம்பி மனைவி பூப்போட்ட மஞ்சள் உடுப்போடு பசுமைக்குடிலுக்குள் நுழைந்தாள். உள்ளே அடுப்பங்கரை அனல். குடைமிளகாய்ச் செடிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் சிரித்தார்கள். அவள் அண்ணி என்று கூப்பிடும் நாத்தனார், புருஷனின் அக்கா, மட்டும் சிரிக்கவில்லை. தான் போட்டிருந்த சாம்பல் நிற மேல்சட்டையைக் கழற்றி அவள் தோளில் போட்டாள்.

"போட்டுக்கோம்மா, உள்ள குளிருது."

நெற்றியில் வேர்வை வழிய வழியத்தான் சொன்னாள். அண்ணிக்குக் கொஞ்சம் மறை கழன்றுவிட்டதோ என்று சின்னவளுக்குச் சந்தேகம். செடிகளுக்கு நடுவே தொங்கிய மஞ்சள் பசை அட்டைகளில் வெள்ளை ஈக்கள் அப்பிக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அந்தப் பூச்சிக்கு மஞ்சள் என்றால் உயிர். மஞ்சள் உடுத்தி வருகிறவரோடு ஒட்டிக்கொண்டு அதுவும் உள்ளே வந்துவிடும். அதை நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தால் அவள் கூனிக் குறுகிப் போயிருப்பாள்.

அண்ணிக்குப் பட்டப்பெயர் கதவக்கா. குடிலுக்கு இரட்டைக் கதவு. ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் மற்றதைத் திறக்கவேண்டும். யார் வந்தாலும் உள்ளிருந்து "கதவு" என்று அவள் குரல் வரும். புருஷன் போனபிறகு தம்பியோடு சேர்ந்து இந்தக் குடிலைப் போட்டவள். தினமும் காலையில் கதவருகே கண்மூடிக் கடவுளை வேண்டி நிற்பாள்.

"இவ்வளவு நேரம் என்ன கேட்டீங்க அண்ணி?"

"கேக்கறதைக் கேட்டு முடிச்சாச்சு. அப்புறம் சும்மா பேசிட்டிருந்தேன்."

முந்தின பயிரை வெள்ளை ஈ தின்று தீர்த்திருந்தது. தம்பி கறாராகச் சொல்லிவிட்டான். "இதுவும் கைவிட்டா குடிலைப் பிரிச்சுட்டு பழையபடி லாரிக்குப் போறேன்." லாரிக்குப் போனால் மாதக்கணக்கில் வீடு திரும்பமாட்டான். சின்னவளுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை.

குடிலின் பக்கங்களில் இருந்த பூச்சி வலை காற்றில் கிழிந்து கிடந்தது. கதவக்கா பயந்துபோய் பிளாஸ்டிக் திரையை இறக்கி, இறுகக் கட்டிவிட்டாள். ஒரு ஈ நுழையவில்லை. செடியெல்லாம் பூ. வெயில் ஏற ஏற அந்தப் பூ அத்தனையும் உதிர ஆரம்பித்தது.

தம்பி ஒரு கை அள்ளிப் பார்த்தான். "ஈயும் வரல, காயும் வராது."

கதவக்கா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "என் தப்புடா. பூச்சிக்குப் பயந்து செடியை அவிச்சுட்டேன்."

"திறந்தா ஈ, மூடினா அவியல். நான் லாரிக்காரங்கிட்ட பேசிடறேன்."

"பேசுங்க, பேசுங்க. இங்க காய் ஏத்தறதுக்கும் லாரி வேணும்ல?" என்றாள் சின்னவள். பிறகு அண்ணியிடம் திரும்பினாள். "வலை கிழிஞ்சுதானே இருக்கு, தைச்சா ஆகாதா? எனக்குத் தையல் வரும்."

அவள் முக்காலியில் உட்கார்ந்து ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுக்க, கதவக்கா ஏணியில் ஏறிக் கட்டினாள். கீழே நின்று ஏணியைப் பிடித்தவன் தம்பிதான். வலை முழுதும் நின்றபிறகும் திரையைச் சுருட்ட அண்ணிக்குக் கை வரவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றாள். சின்னவள் அந்தக் கைமேல் தன் கையை வைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். காற்று உள்ளே வந்தது.

அடுத்து வந்த பூக்கள் நின்றன. பிஞ்சு பிடித்து, காயாகி, கடவுள் கிருபையில் சிவப்பேறிப் பளபளத்தன. வாசலுக்கு லாரி வந்தபோது தம்பி பெட்டிகளை ஏற்றிவிட்டு, கீழே நின்று கையாட்டினான்.

பிள்ளை பிறந்து நடை பழகும் சமயத்தில், தூரத்து ஊரில் புதிதாகக் குடில் போட்ட பெண்கள் கதவக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் அங்கேயே தங்கிவிட்டாள். இன்னும் நாலைந்து குடில்கள் நிற்பதைப் பார்த்த பிறகு, அங்கிருந்தே ஆண்டவன் அவளை அழைத்துக்கொண்டான். அதனால் ஊருக்குக் கிளம்பின அன்று பஸ் நிறுத்தத்தில் பார்த்ததுதான் சின்னவளுக்குக் கடைசி.

அன்றைக்கு அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அதே மஞ்சள் உடுப்போடு போயிருந்தாள். கதவக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இது உனக்கு நல்லா இருக்கும்மா. அந்தச் சாம்பல் சட்டையைக் குடில் கதவுலயே மாட்டி வச்சிருக்கேன். உள்ள குளிரும், பாத்துக்கோ."