வற்றாத கிணறும் ஒரு கன்ட்ரி பாட்டும்

போன சனிக்கிழமை கராஜைச் சுத்தம் செய்தபோது ஒரு ஜோடி கவ்பாய் பூட்ஸ் அகப்பட்டது. பெட்டியைத் திறந்ததும் தோலும் பூஞ்சையும் கலந்த ஒரு வாடை. என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா, வொய் டு யூ ஈவன் ஓன் தீஸ்?" என்றாள். நியாயமான கேள்விதான். நான் மாம்பலத்துக்காரன். குதிரையைக் கிட்டத்தில் பார்த்தது மெரினாவில், அதுவும் அழுதுகொண்டே.

நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று நம்பிச் சொல்கிறேன். வேலைக்கு வந்த புதிதில், சான் ரமோனில், நானும் செந்திலும் சேர்ந்து ஒரு கன்ட்ரி பாட்டுக் குழு, அதாவது அமெரிக்கக் கிராமத்துப் பாட்டுக் குழு, நடத்தினோம். குழு என்றால் நாங்கள் இருவர்தான். அவன் எழுதுவான், பாடுவான், கிட்டார் வாசிப்பான். நான் சலங்கை கோத்த டாம்பரினைத் தட்டுவேன். அதையும் "கொஞ்சம் மெதுவா தட்டுடா" என்பான்.

செந்தில் கோபிச்செட்டிப்பாளையத்துப் பக்கம். ஆபீசில் எனக்கு அடுத்த சீட். ஒரு பிராஜெக்டுக்காக டெக்சாஸ் போனவன் திரும்பும்போது தொப்பியும் தத்துவமுமாக வந்து சேர்ந்தான். பூட்ஸ் எனக்கு வாங்கி வந்த பரிசு. ஒரு சைஸ் சின்னது. அதைப் போட்டுக்கொண்டு நான் வலியில் நெளிவதைப் பார்த்தவர்கள் எல்லாம் டான்ஸ் என்றே நினைத்தார்கள்.

"கன்ட்ரி பாட்டுன்னா மண்ணு வேணும், வண்டி வேணும், துக்கம் வேணும். எல்லாத்துக்கும் மேல உண்மை வேணும். பாடறவன் பொய் சொன்னா கிட்டாரே காட்டிக் குடுத்துரும்" என்பான். எங்கள் அபார்ட்மென்டில் மண் கிடையாது. வண்டி என்றால் டிரக்காம். எங்களிடம் இருந்தது பின்சீட்டில் அரிசி மூட்டை ஏற்றிய ஒரு பழைய கார். துக்கத்துக்கு நான் கிரீன் கார்டு வரிசையைச் சிபாரிசு செய்தேன். "அது துக்கம் இல்லடா, வியாதி" என்று தள்ளிவிட்டான்.

கடைசியில் ஊர்க் கிணற்றைப் பிடித்தான்.

"எங்கூருக் கெணறு வத்திப்போச்சு, ஓ பேபி,
எங்கப்பன் கண்ணும் வத்திப்போச்சு, ஓ பேபி!"

'ஓ பேபி' எதற்கு என்று கேட்டேன். மெட்டு கேட்கிறது என்றான். பாடும்போதெல்லாம் அவனுக்கு நிஜமாகவே கண் கலங்கும். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்குவது என் வேலை என்பதால் எனக்கும் கலங்கும்.

அந்தச் சமயம்தான் அவன் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். தென்னந்தோப்புக்காரர். எஞ்சினியர் பையன் தொப்பி போட்டுப் பாடுவது அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை. "கூத்தாடறதுக்கா பிளேன் ஏறி வந்தே?" என்று கேட்டே விட்டார். பாவம், செந்தில் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா வாயால் 'நல்லாருக்குது சாமி' என்று ஒரு வார்த்தை வாங்காமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டான். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் அவர் முன்னால் பாடுவதாக ஏற்பாடு.

விழாவை நடத்திய கீதா ஆன்ட்டி எங்களைக் குழந்தைகள் டான்சுக்கும் டின்னருக்கும் நடுவில் செருகினார். "அஞ்சு நிமிஷம்தான்ப்பா. சாம்பார் வந்துடுச்சுன்னா ஸ்டாப் பண்ணிடுங்க. அப்புறம் க்யூவ என்னால கன்ட்ரோல் பண்ண முடியாது."

அப்பா முதல் வரிசையில் மங்கி குல்லாவோடு உட்கார்ந்திருந்தார். செந்தில் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான். அடடா, அப்படி ஒரு குரல் அவனுக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. கிணறு வற்றியதும் ஆன்ட்டிகள் கர்சீப்பைத் தேடினார்கள். அப்பன் கண் வற்றும் வரியில் அவன் அப்பா எழுந்து நின்றார். மனிதர் நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்து டாம்பரினை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

"ஏண்டா, எவன்டா சொன்னான் கெணறு வத்திப்போச்சுன்னு?"

செந்தில் கண்ணைத் திறந்தான். "நான் காலேஜ் படிக்கறப்ப வத்துச்சுங்களேப்பா..."

"அது அப்ப! நெறஞ்சு எத்தன வருசமாச்சு! லீவுக்கு வந்தா கல்யாணம், கடைவீதின்னு சுத்திப்போட்டு ஓடிப்போறே. ஒரு நா தோப்புப் பக்கம் வந்து எட்டிப் பாத்தியாடா?"

அத்தோடு விட்டாரா? விடுவிடுவென்று மேடை ஏறி, போனை எடுத்து ஒரு நம்பரைப் போட்டு மைக்கில் வைத்தார். கோபியில் அப்போதுதான் விடிந்திருக்கும். போன் பண்ணினால் தோப்பில் மோட்டார் தானாக ஓடும்படி ஒரு கருவி மாட்டி வைத்திருந்தார் மனிதர். "மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது" என்று ஒரு பெண் குரல் ஹால் முழுக்க அறிவித்தது. அவ்வளவுதான், விசில் பறந்தது. பின்வரிசையில் யாரோ "ஒன்ஸ் மோர்!" என்றார்கள். அப்பா மோட்டாரை நிறுத்தி மறுபடி போட்டுக் காட்டினார். அதற்குள் சாம்பார் வந்துவிட்டது.

தட்டோடு வரிசையில் நிற்கும்போது அப்பா மகனிடம் சொன்னார். "ராகமெல்லாம் நல்லாத்தான் இருக்குது சாமி. ஆனா பொய்யி. நெசமா இருந்திருந்தா நானே இன்னொருக்கா பாடச் சொல்லியிருப்பேன்."

செந்தில் பாட்டைத் திருத்திப் பார்த்தான். 'கெணறு நெறஞ்சிருக்கு, ஓ பேபி' என்று பாடினால் குடிநீர் வாரிய அறிவிப்பு மாதிரி இருந்தது. குழு கலைந்தது. எனக்குக் கால் வலி நின்றது.

அப்புறம் அப்பாவுக்கு முட்டி தேய்ந்துபோனது. ஒரே மகன் இங்கே. தோப்பைப் பார்க்க அங்கே ஆள் இல்லை. அவரே விலை பேசி விற்றுவிட்டு, கோயம்புத்தூரில் மூன்றாவது மாடி ஃப்ளாட்டுக்குப் போய்விட்டார். வாங்கியவர்கள் தென்னைகளை வெட்டினார்கள். கிணற்றை மண் கொட்டி மூடி மனைக்கல் நட்டார்கள். கேன் தண்ணீர் ருசியே இல்லை என்று அவர் இப்போதும் குறைப்பட்டுக்கொள்கிறார்.

அண்மையில் நானும் செந்திலும் காரில் போகும்போது அவர் ஸ்பீக்கரில் வந்தார். முட்டி, மாத்திரை, லிஃப்ட் ரிப்பேர் எல்லாம் பேசி முடித்துவிட்டு, "சாமி, அந்தப் பாட்டு இப்ப நெசமாயிருச்சு. ஒருக்கா பாடு, கேக்கறேன்" என்றார்.

செந்தில் காரை ஓரமாக நிறுத்தினான். "தொண்ட கட்டியிருக்குங்கப்பா" என்றான்.

"பரவால்ல சாமி, மெதுவாப் பாடு" என்றார் அப்பா.