கம்பத்தில் இருப்பவன் திருடனா, வயர்மேனா?

வயர்மேன் வேலையில் மின்சாரம் யார் எவர் என்று கேட்காமல் அடிக்கும், அதில் வஞ்சகம் கிடையாது. கீழே அரிவாளோடு நிற்கிறவர்கள்தான் கேட்டுக் கேட்டு, பதிலை நம்பாமல் அடிப்பார்கள்.

கம்பம் ஏறிப் பிழைத்த சகாக்களே, உங்களுக்கு இது புதிதல்ல. எழுபதுகளின் கடைசியில் எனக்கு உத்திரமேரூர் பக்கம் வேலை. மானாம்பதி வயல்வெளியில் அலுமினியக் கம்பி திருடு போக ஆரம்பித்தது. கம்பி போனால் பம்புசெட் ஓடாது, பம்புசெட் ஓடாவிட்டால் நெல் காயும். ஊராரின் கோபம் நியாயம்தான். அரிவாள், வேல்கம்பு என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு காவலுக்கு இறங்கினார்கள். ஏகாம்பரம் என்ற பெரிய விவசாயி, காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கியிருந்த நாட்டுத் துப்பாக்கியைத் துடைத்து வைத்தார். சிக்கல் என்னவென்றால், கரண்ட் இல்லாத நேரத்தில்தான் திருடன் கம்பம் ஏறுவான். நாங்களும் அப்போதுதான் ஏறுவோம். எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம்.

பரீட்சை

ஒரு நாள் பட்டப்பகலில் டிரான்ஸ்பார்மரை அணைத்துவிட்டு ஏறினேன். கம்பியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருக்கும்போது ஆறு பேர் சூழ்ந்துகொண்டார்கள். நான் வயர்மேன் என்றேன். அடையாள அட்டையைக் கீழே போட்டேன். போட்டோவில் எனக்கு மீசை இல்லை, முகத்தில் இருந்தது. அதை வைத்துக் கொஞ்ச நேரம் விவாதித்தார்கள்.

பிறகு ஒருவர் டிரான்ஸ்பார்மரை நோக்கி நடந்தார். பியூஸ் கட்டைகளைப் பிடுங்கி என் பையில் போட்டிருந்தேன், பிழைத்தேன். வேல்கம்பு வைத்திருந்தவர் அண்ணாந்து பார்த்து ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்: "கம்பிய வுடாத. சுச்சு போட்டுப் பாக்கறோம். நீ மெய்யாலுமே கரண்டு ஆபீஸ் ஆளுன்னா கரண்டு உன்ன இன்னா பண்ணும்?"

தங்கமான மனுசன்

பதினைந்து நாள் கழித்து நிஜத் திருடன் வந்தான். காக்கிச் சட்டை, சைக்கிள், தோளில் கயிறு. "பழைய கம்பியை மாத்தணும், ஆள் வேணும்" என்றானாம். காவல் படையே ஏணியைப் பிடித்தது. மூன்று கம்ப தூரத்துக் கம்பியை அவர்களே சுருட்டி, அவன் சைக்கிள் கேரியரில் கட்டி, மோர் கொடுத்து வழியனுப்பினார்கள். புதுக் கம்பி பின்னால் வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் நான் போய் நின்றபோது கம்பங்கள் மொட்டையாக இருந்தன. வந்தவன் திருடன் என்று நான் சொன்னதை ஒருவரும் ஏற்கவில்லை. வேல்கம்புக்காரருக்கு என்மேல்தான் வருத்தம். "அந்த ஆளப் போயி திருடன்ற. உன்ன மாரி டீக்குக் காசு குடுன்னு நிக்கல, தங்கமான மனுசன்."

அசையாமல் இரு

புதுக் கம்பி வரவே இல்லை என்றானபோது ஊருக்கு உறைத்தது. இனிமேல் காக்கிச் சட்டை எவன் போட்டு வந்தாலும் விடக்கூடாது என்று முடிவாகிவிட்டது. செய்தி எனக்கும் வந்தது. அதனால் சட்டையைக் கழற்றி சைக்கிளில் மாட்டிவிட்டு, பனியனோடு ஏறினேன். அதைவிடப் புத்திசாலித்தனம் எனக்குத் தோன்றவில்லை.

தூரத்து வரப்பில் ஏகாம்பரம் துப்பாக்கியோடு தெரிந்தார். குழலுக்குள் மருந்தைப் போட்டுத் தடியால் இடித்துக்கொண்டிருந்தார். அந்தத் துப்பாக்கியில் ஒரு வெடிக்கு மருந்து கெட்டிக்கக் கால் மணி நேரம் ஆகும். "எறங்கிடாத, அப்டியே இரு" என்று கத்தினார். எனக்குக் கீழே பன்றி ஏதோ நிற்கிறது, என் நன்மைக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்து, கையை ஆட்டி நன்றி சொன்னேன். அசையாமலும் இருந்தேன். கால் மணி நேரம்.

வெடித்தது. ரவைகள் என் காதோரம் போய் அடுத்த கம்பத்து டிரான்ஸ்பார்மரில் பாய்ந்தன. எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. நான் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வீட்டில் இருக்கிறவளின் முகம் தவிர வேறு எதுவும் அப்போது நினைவில் இல்லை. ஏகாம்பரம் நெருங்கி வந்து, என் முகத்தைப் பார்த்து, சலித்துக்கொண்டார்: "நீதானா? மருந்து கெட்டிக்கறப்பவே சொல்றதுக்கின்னா, ஒரு வெடி வீணாப் பூட்ச்சே."

விசாரணை

வேறு டிரான்ஸ்பார்மர் வர ஒரு மாதம் ஆனது. நெல் பால் பிடிக்கிற சமயம். அந்த டிரான்ஸ்பார்மரை நம்பியிருந்த நெல் முழுவதும் பதராகிவிட்டது, ஏகாம்பரத்தின் நெல்தான் அதில் அதிகம். மாட்டைப் பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்துப் பார்த்தார்கள், தண்ணீர் எட்டவில்லை. எனக்குக் கோபம் போய்ப் பரிதாபம் வந்தது.

ஏட்டு ஒருவர் விசாரிக்க வந்தார். லைசென்ஸைப் புரட்டிப் பார்த்து, "இது பன்னிக்குத்தானய்யா? பன்னி எப்போ கம்பம் ஏறிச்சி?" என்றார். ஏகாம்பரம் தன் வெளுத்த வயலின் நடுவில் நின்று பதில் சொன்னார்: "லைசென்ஸ்ல இன்னா எழுதிக்கீது, நல்லாப் படிங்க ஏட்டய்யா. பயிர்ப் பாதுகாப்பு. பயிருக்காவத்தான் சுட்டேன்."

முப்பது வருஷம் கம்பம் ஏறி இறங்கியிருக்கிறேன், ஒரு திருடன்கூட என்னை ஒன்றும் செய்ததில்லை.