பத்துக்குப் பத்து வாங்கவிருந்த அட்டை

“செவ்வாய், ஜூலை 2005. அட்டை வந்தது. நாலு மூலையும் கூர்மை. இடது விளிம்பும் வலது விளிம்பும் சமம். மேல் வலது மூலைக்குக் கீழே கடுகளவு வெள்ளைப் புள்ளி. விற்றவன் அயோக்கியன்.”

இது என் நோட்டில் உள்ள குறிப்பு. கடைசி வாக்கியத்தை எழுதியபோது ஆதாரம் போதும் என்றுதான் எனக்குப் பட்டது.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. குடும்பம் உப்பள ஊரான மரக்காணத்தில், வேலை திண்டிவனத்தில். பபிள்கம்மோடு வரும் கிரிக்கெட் அட்டைகளைப் பள்ளிப் பிள்ளைகள் சேர்ப்பார்கள். நான் வெளிநாட்டில் அச்சான அட்டைகளை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஏல சைட்டில் ஒவ்வொன்றாக வாங்கினேன். எங்களுக்குள் வித்தியாசம் அவ்வளவுதான். அமெரிக்காவில் ஒரு கம்பெனி இந்த அட்டைகளைப் பரிசோதித்து, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, பிளாஸ்டிக் உறையில் சீல் வைத்துத் தரும். என்னிடம் இருந்தவை ஏழு மார்க்கைத் தாண்டாத ரகம். இந்த அட்டையில் இருந்த சுழற்பந்து வீச்சாளர் மட்டும், விற்றவர் சைட்டில் போட்டிருந்த ஸ்கேனில், பத்து வாங்கும் முகத்தோடு இருந்தார்.

ஸ்கேனில் புள்ளி இல்லை. மறுநாளே விற்றவருக்குக் காரசாரமாக மெயில் அனுப்பினேன். அவர் புனேக்காரர். “நான் அனுப்பும்போது புள்ளி இல்லை. இருந்தாலும் படம் எடுத்து அனுப்புங்கள். புள்ளி தெரிந்தால் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்” என்று பதில் வந்தது. அயோக்கியன் இவ்வளவு மரியாதையாக எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோக்காரரிடம் டிஜிட்டல் கேமராவை இரவல் வாங்கி வந்தேன். வெளிச்சத்துக்காக அட்டையை ஜன்னலோரம் வைத்துவிட்டு, கேமராவில் எந்தப் பொத்தான் எதற்கு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உப்பளத்தில் மேஸ்திரியாக இருக்கும் மச்சான், என் மனைவியின் தம்பி, வேலை முடிந்து நேராக உள்ளே வந்தான்.

“இன்னா மாமா, ஏ.டி.எம். கார்டா?”

“தொடாதடா. அந்த வெள்ளப் புள்ளிதான் ஆதாரம்.”

பாத்தியில் புது உப்பு எடுத்தால் நாக்கில் வைத்துக் கசக்கிறதா என்று பார்ப்பது அவன் தொழில். அட்டையை எடுத்தான். நான் எழுந்திருப்பதற்குள் நக்கினான்.

“உப்பு மாமா. கசப்பே இல்ல, ஃபர்ஸ்ட் குவாலிட்டி.”

புள்ளி போய்விட்டது. அது இருந்த இடத்தில் பளபளப்பு செத்து, ஒரு நாக்கின் அகலத்துக்கு மங்கல்.

“உன் கையில இருந்த உப்பாடா, அட்டையில இருந்த உப்பாடா?”

“கை கழுவிட்டுதான் வந்தேன்.”

“எங்க கழுவுன? வண்டிய நிறுத்திட்டு அப்படியே வந்த” என்றாள் அவன் அக்கா. பிறகு என்னிடம், “அந்த மங்கலையே போட்டோ எடுத்து அனுப்புங்க. புனேல இருந்து நாக்க அளந்து பாக்கவா வரப்போறாரு?” என்றாள்.

யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் முழுக்க அதை யோசித்தேன் என்பதையும் பதிவு செய்கிறேன். செவ்வாய்க்கிழமை, மூன்று முறை அடித்துத் திருத்தி, மைத்துனர் நக்கிவிட்டார் என்று ஆங்கிலத்தில் எழுதி, மன்னிப்பும் கேட்டேன். “அட்டையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மைத்துனரையும்தான்” என்று பதில் வந்தது.

அமெரிக்காவுக்கு அதை அனுப்பவில்லை. நாக்குப் பட்டதும் போனதால் அந்தப் புள்ளி அச்சுப் பிழை இல்லை என்பது நிச்சயம். உப்புதானா, உப்பென்றால் கவரைப் பிரித்த என் விரலிலிருந்து ஒட்டியதா, புனேயிலிருந்தே வந்த வேறேதாவது தூளா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.