என் காலைத் தொட வந்தவள்

போன கோடையில் என் வலது காலை இழக்க இருந்தேன். கர்த்தர் அதைக் காப்பாற்றிக் கொடுத்ததைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். கூடவே என் மனதில் கிடக்கிற கோபத்தையும் சொல்லிவிடுவேன். அதை மறைத்துவிட்டு மீதியை மட்டும் சொன்னால் அது சாட்சி இல்லை.

நான் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவள். வீட்டுக்காரர் இறந்துவிட்டார். ஒரே மகள் திருப்பூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். எனக்குச் சர்க்கரை வியாதி. பாத்தியில் நிற்கும்போது உப்புக்கல் அடிப்பாதத்தைக் கிழித்திருக்கிறது. கால் மரத்துக் கிடந்ததால் தெரியவில்லை. தெரிந்த பிறகும் நான் பயப்படவில்லை. எங்கள் ஆட்கள் யாருக்குக் காலில் புண் வந்தாலும், "உப்புத் தண்ணியில நில்லு, தானா ஆறிடும்" என்பார்கள். நானும் புண்ணோடு தினமும் போய் நின்றேன். சுண்டுவிரல் கறுத்தது. நாற்றம் எடுத்தது.

புதுச்சேரியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். விரலை எடுத்துவிட்டார்கள். "இனிமே தண்ணியில கால் வைக்கக் கூடாதும்மா. தினமும் கழுவிக் கட்டு மாத்தணும். சீழ் மேல ஏறிச்சுன்னா காலையே எடுக்க வேண்டியிருக்கும்" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். தினமும் யார் மாற்றுவது? குனிந்தாலும் எனக்கு எட்டாது. கண்ணும் மங்கல். வீட்டில் வேறு ஆள் இல்லை.

சபையிலிருந்து வந்தார்கள். குறை சொல்லக் கூடாது, கூட்டமாகத்தான் வந்தார்கள். பாட்டுப் பாடினார்கள். நாற்காலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசல் பக்கம் நகர்த்திக்கொண்டே ஜெபித்தார்கள். ஒரு அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்குதா, யோசிச்சுப் பாருங்க சிஸ்டர்" என்றார். கூட வந்தவர், "உபவாசம் இருங்க, உடனே கேப்பாரு" என்றார். சர்க்கரைக்காரிக்கு உபவாசமாம்! வாட்ஸ்அப் குழுவில் என் பெயரைப் போட்டார்கள். கைகூப்பின படமாக வந்து குவிந்தது. அத்தனை கைகளில் ஒரு கையாவது என் கட்டை அவிழ்க்க வந்ததா? வரவில்லை.

வேறு வழி தெரியாமல் நானும் உபவாசம் இருந்தேன். மத்தியானம் தலை சுற்றியது. படுத்தபடியே அழுதேன். "ஆண்டவரே, சுகத்தைப் பிறகு கொடும். இந்தக் காலை அருவருக்காமல் தொடுகிற ஒரு ஆளை முதலில் அனுப்பும்" என்று கேட்டேன். அதற்குப் பிறகு நினைவில்லை.

கண் விழித்தபோது மல்லிகாவின் மடியில் கிடந்தேன். சர்க்கரைத் தண்ணீரை என் வாயருகே வைத்துக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தாள். மல்லிகா பக்கத்துப் பாத்தியில் வேலை செய்கிறவள். மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். வாயில் வெற்றிலை இருக்கும். வெற்றிலை இல்லையென்றால் கெட்ட வார்த்தை இருக்கும். அவளோடு சேராதே என்று சபைப் பெண்கள் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆண்டவர் மேலேயே கோபம் வந்தது. சபை நிறைய ஆட்கள் இருக்கும்போது, அனுப்பியது இவளையா?

"பட்டினி கெடந்தா கால் ஆறுமாடி? எவ சொன்னா? அவள இங்க கூட்டியா, வாயில உப்ப அள்ளிப் போடறேன்" என்றாள். அப்படியே கட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"நாறும், மல்லிகா."

"நாறட்டும். மூக்கு என்னுதுதான?"

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்சம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தபடி, கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரில் கழுவி, மருந்து வைத்துக் கட்டினாள். தன் வீட்டுக் குழம்பில் எனக்கும் கொண்டுவந்தாள். ஒருநாள் தாங்காமல், "எனக்கு எதுக்குடி இவ்ளோ பண்ற?" என்று அழுதேன். "நான் விழுந்து கெடந்தா நீ பாத்துட்டு சும்மா போவியா? போடி" என்றாள். மழைக்காலம் வருவதற்குள் புண் மூடிவிட்டது. விரல் போனது, கால் நின்றது. ஸ்தோத்திரம்.

இந்த வருஷப் பெரிய வியாழன் வந்தது. இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவினதை நினைத்து, அன்றைக்கு எங்கள் போதகர் பன்னிரண்டு பேரை உட்காரவைத்துக் கால் கழுவுவார். எப்படிப்பட்ட கால்கள் தெரியுமா? வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் அடித்துக்கொண்டு வந்த கால்கள்! உப்பளத்து வெடிப்புக் கால் ஒன்றை அந்த நாற்காலியில் நான் பார்த்ததே இல்லை. இந்த முறை, சுகம் பெற்றவள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் மல்லிகாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். கணுக்கால் வரைக்கும் உப்பும் சேறும் காய்ந்திருந்தது.

என் முறை வந்தபோது அவளைப் பிடித்து என் நாற்காலியில் உட்காரவைத்தேன். "ஏய், என்னாடி பண்ற, எல்லாரும் பாக்கறாங்க" என்று நெளிந்தாள். அன்றைக்கு மூக்கை மூடின அதே அக்கா முன்வரிசையிலிருந்து, "அவங்க விசுவாசி இல்லையே சிஸ்டர்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் காலு அழுகிப் போனப்போ நீங்க எல்லாரும் விசுவாசிங்கதானக்கா? எங்க போயிருந்தீங்க?"

போதகர் தண்ணீர்ப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் மண்டிபோட்டு அவள் கால்களைக் கழுவினேன். தண்ணீர் சேறாகிப் போனது. எனக்குத் தெரிந்து அந்தப் பாத்திரத்துத் தண்ணீர் அழுக்கானது அன்றைக்குத்தான்.

இப்போது உப்பளத்தில் யாருக்குக் காலில் புண் என்றாலும் நான் போய்ப் பார்க்கிறேன். உப்புத் தண்ணீரில் நிற்க விடுவதில்லை. மல்லிகாவும் வசவோடு கூட வருகிறாள். என் ஜெபத்தைக் கேட்டவர் உங்கள் ஜெபத்தையும் கேட்பார், தைரியமாக நம்புங்கள். ஆனால் உங்கள் தெருவிலும் இப்போது ஒருத்தி அழுதுகொண்டு, ஒரு ஆளை அனுப்பும் என்று கேட்டுக்கொண்டிருப்பாள். கைகூப்பின படத்தைப் பிறகு அனுப்பிக்கொள்ளலாம். முதலில் போய் அவள் கட்டை அவிழுங்கள்.