பைகளுக்கு ஓர் ஆள்

மருத்துவமனையில் அவளுக்கு லிஃப்டக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கட்டடத்து லிஃப்ட் ஓடுகிற நாளைவிட வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற நாள்தான் அதிகம். அது நின்றதும் "லிஃப்டக்காவக் கூப்பிடு" என்று சத்தம் கேட்கும். அவள் வந்து, நோயாளியோடு ஸ்ட்ரெச்சரைப் பிடித்து, உடம்பை முன்னால் சாய்த்து, சாய்வுப் பாதை வழியாக மாடிக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ப்பாள். எத்தனை கனமான ஆளானாலும் பாதி வழியில் நிற்க மாட்டாள். நின்றால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு.

இப்பேர்ப்பட்டவளைத்தான் மலையேற முடியாதவள் என்று வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள்.

வருஷா வருஷம் விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்கு வெளியே இருக்கும் மலைக்குப் போவார்கள். முதல் தடவை மகள் கைக்குழந்தை. பால் கொடுக்க வேண்டுமே என்று இவள் அடிவாரத்து மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். மற்றவர்கள் பைகளை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு ஏறினார்கள். நியாயம்தான். அப்புறம் மகன் வயிற்றில் இருந்தான். அதுவும் நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு ஒரு நியாயமும் கிடையாது. மகள் கல்லூரிக்கே போய்விட்டாள், மகனுக்கு மீசை அரும்பிவிட்டது, அம்மாவின் தலையில் பைகளைக் கட்டுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. வராதே என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. இறங்கி வந்து, "மேல ஒண்ணுமே இல்லம்மா, ஒரே செங்குத்து, உட்காரக்கூட இடமில்ல" என்று முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள். அவளும் பாவம் என்று சோற்று டப்பாவைத் திறப்பாள்.

கூடத்துச் சுவரில் ஒரு படம். உச்சியில் நட்டிருக்கும் கல்லைச் சுற்றிக் கணவர், நாத்தனார், மகள், மகன். கணவருக்கு மின்விசிறிக் கடையில் வேலை. ஒருநாள் வீட்டுக்கு வந்த கடை முதலாளி படத்தை உற்றுப் பார்த்து, "உங்க வீட்டம்மா இதுல இல்லையே" என்றார்.

"அவதான் சார் படத்தை எடுத்தா" என்றார் கணவர், கண் இமைக்காமல்.

அவள் தேநீரும் கையுமாக அங்கேயே நின்றிருந்தாள். விருந்தாளி முன்னால் என்ன சொல்ல? தேநீரை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். இத்தனை வருஷம் மரத்தடியில் காத்துக் கிடந்ததுகூடப் பெரிதாகப் படவில்லை. கிடந்ததையே இல்லை என்று ஆக்கிவிட்டாரே என்றுதான் வயிறெரிந்தது.

இந்த வருஷமும் பேருந்தை விட்டு இறங்கி, அதே மரத்தடியில் பாயை விரித்தார்கள். பைகள் வந்து விழுந்தன. அவள் உட்காராமல் குனிந்து செருப்பு வாரை இறுக்கினாள்.

"நானும் மேல வரேன்."

நாத்தனாருக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. "அண்ணி, உங்க முட்டி என்னத்துக்காகும்?"

"அது என் முட்டி. அதுகிட்ட நான் பேசிக்கிறேன்."

"அப்ப பை?" என்றான் மகன்.

"ஆளுக்கு ஒண்ணு தூக்கிட்டு வாங்க."

"சுமையோட யாரு ஏறுறது?" என்றார் பாயில் உட்கார்ந்திருந்த கணவர். "விட்டுட்டும் போக முடியாது, நாய் இழுத்துட்டுப் போயிடும். யாராவது ஒரு ஆள் இருந்தே ஆகணும்."

"ஆமாங்க. இருந்தே ஆகணும்." சோற்றுப் பையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். "இருங்க."

அவர் வாயைத் திறந்தார். சொன்னதே தான்தான் என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார்.

அவள் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற கணக்கில் முன்னால் சாய்ந்து, சின்னச் சின்ன அடியாக வைத்து ஏறினாள். "கொஞ்சம் நில்லுங்க அண்ணி" என்று பின்னாலிருந்து நாத்தனார் மூச்சிரைக்கக் கூப்பிட்டாள். "நின்னா கிளம்புறது கஷ்டம், வாங்க" என்று இவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செங்குத்து எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே போனாள். அகலமான படிகள் வந்தன. பிடித்துக்கொள்ளக் கம்பி வந்தது. கைத்தடியோடு ஒரு கிழவர் யாரையோ திட்டிக்கொண்டே இறங்கினார். கைக்குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு ஒருத்தி ஐஸ்கிரீம் தின்றபடி வந்தாள். அவளைப் பார்த்ததும் இவள் முகம் மாறிவிட்டது.

செங்குத்து வரவே இல்லை. உச்சிதான் வந்தது. கல்லுக்குப் பக்கத்திலேயே நல்ல நீளமான சிமென்ட் பெஞ்சு ஒன்று இருந்தது.

"உட்கார இடமில்லன்னீங்க" என்றாள்.

மகள் தன் காலைப் பார்த்தாள். "நீ வருத்தப்படக் கூடாதுன்னு அப்படிச் சொல்லுவோம்மா."

"இவ்வளவு சுலபம்னு ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்."

அவள் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷமா என்றால் இல்லை, சுத்தமான கோபம். கஷ்டமான மலையாக இருந்திருந்தால் அத்தனை வருஷத்தையும் மன்னித்திருப்பாள். பெஞ்சில் காலை நீட்டி, ஆற அமர உட்கார்ந்தாள். போகலாமா என்று கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. கீழே அந்த மரத்தடியில் ஒரு வெள்ளைச் சட்டை கம்பை ஓங்கிக்கொண்டு அங்குமிங்கும் ஓடியது. நாய் நிஜமாகவே வந்துவிட்டது போலிருக்கிறது.

"அப்பாவும் இருந்தா படம் நல்லாயிருக்கும்" என்று இழுத்தாள் மகள்.

"இருக்கிறவங்களை எடு. உன் தம்பி அப்புறம் உன்னை எடுப்பான்" என்று கல்லின் மேல் கையை ஊன்றி நின்றாள். சிரிக்கச் சொன்னார்கள். சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, கூடத்துச் சுவரிலிருந்த பழைய படத்தைக் கழற்றி, அதே ஆணியில் அந்தப் படத்தை அவளே மாட்டினாள். கொஞ்ச நாள் கழித்து முதலாளி மறுபடியும் வந்தார். அதே நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்.

"என்னப்பா, இதுல உன்னைக் காணோமே?"

"அது வந்து சார், படம் எடுத்தது..." என்று கணவர் ஆரம்பித்தார்.

அவள் தேநீரை முதலாளி முன்னால் வைத்தாள்.

"இல்ல சார். இவர் கீழ பை பாத்துக்கிட்டு இருந்தார்."

முதலாளி கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"ஆமா சார்" என்றார் அவர்.